சும்மா டிரம்

சத்தியம் சார், நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது! கண்டக்டர் தம்பி, நீயும் கேட்டுக்கோ. முன்சீட்டு அக்கா, நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தால் போதும். பொய் என்றால் இந்த பஸ் வல்லநாடு தாண்டுவதற்குள் என் நாக்கு... இல்லை, நாக்கு வேண்டாம், அது இன்றைக்குத் தேவைப்படுகிறது. மீசை உதிர்ந்துபோகட்டும். முப்பது வருஷத்து மீசை சார். சும்மா பணயம் வைப்பேனா?

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இத்தனை சீட் காலியாக இருக்கும்போது இவன் ஏன் இங்கே வந்து இடிக்கிறான் என்று பார்க்கிறீர்கள். அந்தப் பக்கம் வெயில். இந்தப் பக்கமும் வெயில்தான், ஆனால் இந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள். மடியில் அந்தத் தடிப் புத்தகம் கனக்கவில்லையா? வேண்டாம் வேண்டாம், மேலே வைக்காதீர்கள், பள்ளத்தில் இறங்கினால் விழுந்துவிடும். அது விழக் கூடாது.

மணி என்ன? ஒன்பதேகாலா? அப்படியானால் நேரம் இருக்கிறது. இருக்கிறதா? இந்த டிரைவர் மாட்டு வண்டி ஓட்டியவன் மாதிரி ஓட்டுகிறான்.

நான் யார் என்பதை விடுங்கள். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர். முப்பத்தாறு வருஷம். அது போதும். ஐஸ் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். உப்புத்தண்ணீரைக் குளிரவைத்தால் அது உறையாது, ஆனால் அதில் முக்கி வைத்த தகர கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் உறைந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. உப்புத்தண்ணீரும் இரும்பும் ஒரே வீட்டில் குடியிருந்தால் என்ன ஆகும்? துரு. சாதாரணத் துரு இல்லை. ஒருநாள் எங்கள் முதலாளி கோயில்பிள்ளை சாவிக்கொத்தைத் தொட்டிக்குள் தவறவிட்டார். எடுப்பதற்குள் சாவி எல்லாம் கரைந்து வளையம்தான் மிச்சம். துடைப்பதற்குள் வளையமும் போய், வளையத்துக்கு நடுவில் இருந்த ஓட்டை மட்டும் கையில் இருந்தது. சிரிக்கிறீர்கள். நம் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பலை நிறுத்திவிட்டு மாலுமிகள் டீ குடிக்கப் போனார்கள். வந்து பார்த்தால் இரும்பெல்லாம் போய்விட்டது, பெயிண்ட் மட்டும் கப்பல் வடிவத்தில் நிற்கிறது. ஏறிப் போனார்கள் சார், கொழும்பு வரைக்கும்!

சரி, அந்தக் கப்பலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாவிக்கொத்தையும் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் சத்தியம்.

துருவுக்கு மருந்து ஒன்று உண்டு. மஞ்சள் பொடி. உப்புத்தொட்டியில் அதைக் கரைத்துவிட்டால் கேன் பிழைக்கும், ஆள் பிழைக்க மாட்டான். கித்தேரியான் என்று ஒருத்தன், எனக்குக் கீழே வேலை, பத்து வருஷமாக அந்தப் பொடியைக் கரைத்தவன். அவன் விரல் இடுக்கில் பயறு பயறாகக் குழி. ஆறவே ஆறாது. உப்புப் பட்டால் துடிப்பான். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவான். நாங்கள் "ஏலே, துரை சாப்பிடுதாரு" என்று கேலி செய்வோம். அவனும் சிரிப்பான். அந்தத் தண்ணீர் வழிந்து வாய்க்காலில் போய்க் கடலில் சேரும். மீன் அதைக் குடிக்கும், மீனை நாம் தின்போம். யோசித்தால் சோறு இறங்காது.

அப்படி இருக்கும்போது ஒரு ஜனவரி மாதம் அந்தப் பிள்ளை வந்தது. சுடலைவடிவு. எட்டயபுரம் பக்கம். கரிசல்காட்டுப் பிள்ளை, கடலைப் பார்த்ததே அப்போதுதான். யுனிவர்சிட்டியில் துருவைப் பற்றி ஆராய்ச்சி. வந்ததும் வராததுமாக இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போய், "அக்கா, அந்த உரிச்ச தோடெல்லாம் எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறது. உரிக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏட்டி, இறால விட்டுட்டுத் தோட்டக் கேக்குது பாரு, வெவரம் கெட்ட பிள்ள! வீட்டுல கொழம்பு வைக்கத் தெரியுமாட்டி?"

நான்தான் போய்ப் பேசி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். சரி, எழுந்து நிற்க மாட்டார்கள். திட்ட மாட்டார்கள்.

தோட்டைக் காயவைத்து, ஆசிடில் ஊறவைத்து, சோடாக் காரத்தில் அவித்து, அலசி அலசி, கடைசியில் வெள்ளை வெளேரென்று அவல் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டியது. நாற்றமே இல்லை. "இதத்தான் உப்புத்தண்ணில கரைக்கப் போறேன் தாத்தா."

"தாத்தாவா? எனக்கு அறுபத்துநாலு நடக்கு. அண்ணாச்சின்னு கூப்பிடு."

"சரி அண்ணாச்சி தாத்தா."

வாய்! ஆனால் சொல்லித்தரத் தெரிந்த வாய். தொட்டி ஓரத்தில் குந்திக்கொண்டு சொன்னது: "இறால் தோட்டுல ஒரு சங்கிலி இருக்கு தாத்தா. கண்ணுக்குத் தெரியாத, நீள நீளச் சங்கிலி. நான் அந்தச் சங்கிலில அங்கங்க ஒரு கொக்கி மாட்டுறேன். கொக்கி போய் இரும்பக் கெட்டியாப் பிடிச்சுக்கிடும். சங்கிலி பாய் மாதிரி விரிஞ்சு மூடிக்கிடும். உப்பு வந்து கதவத் தட்டிப் பாத்துட்டுப் போயிரும். கையில பட்டாலும் ஒண்ணும் செய்யாது, கடல்ல போனாலும் மக்கிரும்."

கித்தேரியான் கேட்டான், "கையில பட்டா ஒண்ணும் செய்யாதாம்மா?"

"ஒண்ணுமே செய்யாதுண்ணே."

அவன் தன் கையைப் பார்த்தான். நான் வேறு எங்கேயோ பார்த்தேன்.

ஏன் பஸ் நிற்கிறது? ஆடா? ஆட்டை ஓட்டிவிடு தம்பி! நான் வேண்டுமானால் இறங்கி... சரி, சரி, உட்காருகிறேன். கண்டக்டருக்குக் கோபம் வருகிறது. மணி எத்தனை சார்? ஒன்பது முப்பத்தைந்து. பதினோரு மணிக்கல்லவா... ஒன்றுமில்லை, எனக்கு ஒரு வேலை பதினோரு மணிக்கு.

பெரிய தொட்டியில் கைவைக்க முதலாளி விடவில்லை. "முன்னூறு கேன் கெடக்கு, வெளையாட்டா? ஓரமா வச்சு என்ன வேணும்னாலும் செய்ங்க. புத்தகமா எழுதி, பெரியவங்க பாத்து, சரின்னு பாஸ் பண்ணட்டும். அன்னைக்கே மஞ்ச மருந்த நிறுத்திருதேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான் அவர். நல்லதும் அப்படி, கெட்டதும் அப்படி.

அதனால் குளிர்ந்த தொட்டியை ஒட்டி மூன்று நீல டிரம். மூன்றிலும் தொட்டியில் இருக்கிற மாதிரியே உப்புத்தண்ணீர். ஒவ்வொன்றிலும் நைலான் நூலில் கட்டி நாலு இரும்புத் தகடு. மாதம் ஒரு முறை தகட்டை எடுத்து, துருவைச் சுரண்டி, தராசில் நிறுத்து, எவ்வளவு கரைந்தது என்று பார்த்து, அப்புறம் புதுத் தகடு, புதுத் தண்ணீர். நாலு மாதம். ஒரு டிரம்மில் மஞ்சள் மருந்து. ஒன்றில் இறால் மருந்து. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் குழப்பிவிடக் கூடாது என்று வடிவு வெள்ளைப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தது. 'மஞ்சள்'. 'இறால்'. 'சும்மா'.

சார், நீங்களே சொல்லுங்கள். ஒரு டிரம்மின் மேல் 'சும்மா' என்று எழுதியிருந்தால் தமிழ் தெரிந்தவன் என்ன நினைப்பான்? இதில் எதையும் போடாதே என்று நினைப்பானா? இது சும்மாதானே கிடக்கிறது என்று நினைப்பானா? வீட்டுக்கு வந்தவரிடம் என்ன விசேஷம் என்று கேட்டால் "சும்மா வந்தேன்" என்கிறார். ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? கடன் கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்! அந்தச் சொல்லை நம்பிப் பெயிண்ட் அடிக்கலாமா? படித்த பிள்ளை செய்கிற வேலையா? தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் தப்பு முழுக்க அங்கேதான்.

முதல் மாதம் சும்மா டிரம் தகடு செங்கல் மாதிரி துருவேறி வந்தது. இரண்டாவது மாதமும் அப்படித்தான். இறால் தகடோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வடிவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மூன்றாவது மாதம் மே. அந்த மே மாதம் அடித்த வெயிலில் துறைமுகத்தில் வலையிலிருந்து மீன் பொரித்தே வந்தது... சரி, அதையும் விடுங்கள். மாதக் கடைசியில் வடிவு வந்து சும்மா டிரம்மிலிருந்து தகட்டைத் தூக்கினால், பளபள! அங்கங்கே ஒரு பொட்டுத் துரு. அவ்வளவுதான்.

நான் கை கொடுத்தேன். "சபாஷ்! சும்மாவே துரு பிடிக்கல பாரு!"

பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ தாத்தா. சும்மா தகடு துருப் பிடிச்சாத்தான் என் மருந்துக்கு மரியாத. இது ஏன் பிடிக்கல? தண்ணியே சரியில்லன்னா முதல் ரெண்டு மாசமும் சந்தேகம்தான!"

எப்படி ஆனது என்கிறீர்களா? காக்கா. துறைமுகக் காக்கா எதையும் தூக்கும். ஒரு காக்கா வடையோ எதுவோ கொண்டுவந்து டிரம்மில்... டிரம்முக்கு மூடி உண்டா என்றா கேட்கிறீர்கள்? உண்டு. மரமூடி. காக்கா மூடியைத் திறக்காது, அது சரி. அப்படியானால் பூனை. பூனையும் திறக்காது. நீங்கள் ரொம்ப நுணுக்கமாகக் கேட்கிறீர்கள் சார், கேட்டுக் கேட்டுப் பழகியவர் போலிருக்கிறது.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். கித்தேரியான். பாவம், அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன். மே மாத வெயிலுக்குக் கஞ்சித் தூக்குச்சட்டியைக் கயிறு கட்டி அந்த டிரம்முக்குள் இறக்கிவைத்திருக்கிறான். மத்தியானம் எடுத்தால் சில்லென்று இருக்கும். கஞ்சி, சோறு எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். மீனுக்குப் போகிற ஐஸ் பாருங்கள். சட்டத்தை எழுதி ஒட்டியவனே நான்தான். ஒரு சனிக்கிழமை கயிறு நழுவித் தூக்கு கவிழ்ந்து கஞ்சி மொத்தமும் உள்ளே போய்விட்டது. சிவப்பரிசிக் கஞ்சி. முந்தின நாள் வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தது. மோட்சம் கைப்பக்குவம், நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, மோர் மிளகாயை ஓரத்தில் சொருகி...

மோட்சம் யாரா?

என் வீட்டுக்காரி.

ம்.

தண்ணீர் இருக்கிறதா சார், ஒரு வாய்? நன்றி.

ஆமாம். என் தூக்குதான். கித்தேரியான் ஒருநாள் அவன் தூக்கை அங்கே இறக்கியபோது, "ஏலே, இது சோதனை நடக்குற எடம்லா? அறிவில்ல?" என்று விரட்டிவிட்டு, அந்த இடம் காலியாகிவிட்டதே என்று என் தூக்கை இறக்கினேன். தினமும். தினமும் மூடி இடுக்கில் கொஞ்சம் வழியும். எனக்கும் கஞ்சியில் உப்புப் போடும் வேலை மிச்சம். அந்தச் சனிக்கிழமை மொத்தமும் கவிழ்ந்தது. தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. நான் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டேன். திங்கட்கிழமை பார்த்தால் கலங்கினதெல்லாம் அடியில் படிந்து தெளிந்துவிட்டது. தெளிந்துவிட்டால் நடக்காத மாதிரிதானே?

வடிவு கேட்டது. தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் சார். முதலாளியை வைத்துக்கொண்டு கேட்டது, கித்தேரியானும் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "தாத்தா, இதுல யாராவது எதையாவது போட்டாங்களா? உங்களுக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடக்காதுல்லா?"

எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று ஒருத்தர் சொன்னபிறகு நான் என்ன செய்வது? "பனிமய மாதா மேல சத்தியமா யாரும் எதையும் போடல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐஸ் கம்பெனிக்காரன், பனி மாதா பேரில்! முப்பத்தாறு வருஷம் பெட்டி பெட்டியாகப் பொய் சொல்லியிருக்கிறேன் சார், மாதாவை ஒரு பொய்க்கும் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். கப்பல் கதையை நம்பாத பிள்ளை, இதை நம்பிவிட்டது. "சரி தாத்தா. நீங்க மாதா மேல சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். போய்விட்டது.

நாலாவது மாதம் புதுத் தண்ணீர் மாற்றினார்கள். நானும் தூக்கை நிழலில் வைத்தேன். தகடு பழையபடி செங்கல் மாதிரி வந்தது. எனக்கென்ன தெரியும், கஞ்சிக்கும் தகட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று? ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் வடிவு வந்தது. இளைத்துப்போயிருந்தது. "வியாழக்கிழம பதினோரு மணிக்கு வைவா தாத்தா, வாய்ப் பரீட்ச. வெளியூர்லருந்து ஒரு பெரிய ப்ரொஃபசர் வர்றாரு. நீங்க அவசியம் வரணும்." புத்தகத்தைக் காட்டியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சும்மா டிரம்மின் மூன்றாவது மாதம். அதன் கைடு சொன்னாராம், "அந்த மாசத்தத் தூக்கிரும்மா, யாருக்குத் தெரியப் போகுது." இது சொன்னதாம், "பாத்தத எழுதாட்டி நான் எதுக்கு சார்?" காரணம் தெரியவில்லை என்று எழுதி, கீழே இங்கிலீஷில் ஒரு வரி. டிரம்மில் வேறு எதுவும் கலக்கவில்லை என்று ஆபரேட்டர் திரு. ச. ராயப்பன் உறுதி கூறினார். என் பெயர் சார்! அச்சில்! வாழ்நாளில் முதல் தடவை. ரேஷன் கார்டில்கூட 'ராப்பன்' என்றுதான் போட்டிருக்கிறான்.

"அந்தப் பக்கத்த அவரு கேட்டா எனக்குப் பதில் இல்ல தாத்தா. திரும்பச் செய்னு சொல்லிருவாரு. எனக்குக் குடுத்த கெடு இந்த மாசத்தோட முடியுது. திரும்பல்லாம் செய்ய முடியாது." அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வாசலில் கித்தேரியான் நின்றுகொண்டு, "பாஸாயிரும்லாம்மா? பாஸானா மொதலாளி மஞ்ச மருந்த நிறுத்திருவாருல்லா?" என்று நாலு தடவை கேட்டான்.

நான் பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், சத்தியமாக: "ஏம்மா, இறால் தோட்டுலதான் அந்தச் சங்கிலி இருக்கா? வேற எதுலயும் இல்லியா?"

"ஏன் இல்ல? புளியங்கொட்டையில இருக்கு, மரப் பிசின்ல இருக்கு. நம்ம சோத்துக் கஞ்சியில இல்லியா தாத்தா? அதே குடும்பம்தான். கொக்கிதான் கிடையாது. அதனால கொஞ்சம்தான் பிடிக்கும், கொஞ்ச நாள்தான் நிக்கும்."

பிறகு அது காப்பி குடித்தது. நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழு நாள். கோயிலுக்குப் போனால் மாதா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். வடிவு வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு தடவை பஸ் ஏறி எட்டயபுரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னவென்று சொல்வேன்? உலகத்தில் என்னை நம்பின ஒரே ஆளிடம் போய், நீ நம்பின அந்த ஒன்றுதான் பொய் என்றா?

அதோ, பாலம் வந்துவிட்டது. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. எங்கே இறங்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியுமா? காலையில் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் போனில் கத்தினீர்களே. "கார் ரேடியேட்டர் துருப்பிடிச்சு ஒழுகுது, பஸ்ல வந்துடறேன், வைவா பதினொண்ணுக்குத்தானே"ன்னு. துருவைப் பரீட்சை செய்யப் போகிறவர் காரில் துரு! மாதா வேலைதான் அது. அப்புறம் அந்தப் புத்தகத்தின் முதுகில் தங்க எழுத்தில் அந்தப் பிள்ளையின் பெயர். இங்கிலீஷ்தான், ஆனால் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க ஏழு நாளாகப் பழகியிருக்கிறேன்.

கோபப்படாதீர்கள் சார். நான் பிள்ளைக்காகச் சிபாரிசு பேசவில்லை. பாஸ் போடுங்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. அது எழுதியதில் ஒரு பொய்தான் இருக்கிறது, அந்த ஒன்றும் என்னுடையது என்று சொல்ல வந்தேன். பிரித்துப் பாருங்கள், நூற்றுப் பன்னிரண்டு. மூலையை நீங்களே மடக்கி வைத்திருக்கிறீர்களே! பென்சிலில் கேள்விக்குறி வேறு. அய்யோ.

என்னை நம்ப மாட்டீர்களோ? சாவிக்கொத்து, கப்பல் எல்லாம் சொல்லியிருக்கக் கூடாது. என்ன செய்ய, வாய் அப்படியே பழகிவிட்டது. நம்ப வேண்டாம் சார். சோதித்துப் பாருங்கள். இரண்டு டிரம், இரண்டிலும் உப்புத்தண்ணீர், ஒன்றில் மட்டும் ஒரு தூக்குக் கஞ்சி. சிவப்பரிசி. மோட்சத்திடம் சொன்னால் வடித்துத் தருவாள்.

இதோ, யுனிவர்சிட்டி ஆர்ச் தெரிகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் ஊதாச் சேலை, அதுதான் வடிவு. காருக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் முன்வாசலில் இறங்குங்கள். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, இப்போதுதான் வந்த மாதிரி நடந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைப் பார்த்தால் தெரிந்த மாதிரி சிரிக்காதீர்கள். முறைத்தாலும் பரவாயில்லை.

அந்தப் பக்கத்துக்கு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதில் கஞ்சி விழுந்திருந்தால் என்ன ஆகும் அம்மா?" அவ்வளவு போதும். மற்றதை அது சொல்லிக்கொள்ளும், அதற்குத் தெரியும். எப்படி உங்களுக்குத் தோன்றியது என்று பிள்ளை கேட்டால், படித்தவர், நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு கிழவன் என்றுகூட வேண்டாம், நான்தான் என்று கண்டுபிடித்துவிடும். கஞ்சி என்று சொல்லுங்கள் சார். யார் வீட்டுக் கஞ்சி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.